கல் சுமந்த தில்லி – 11: பழுதுபார்த்த சுல்தான்

1351 மார்ச் மாதம் சிந்து நதிக்கரையில், தட்டாவுக்கு அருகே முகாமிட்டிருந்தபோது முகமது பின் துக்ளக் நோயில் விழுந்து இறந்தார். அரசர் போன சேதி பரவியதும் படை நிலைகுலைந்தது. கூலிக்கு வந்திருந்த மங்கோலியக் குதிரைப்படையினர் ஒரு பக்கமும், சிந்து நாட்டவர் இன்னொரு பக்கமும் முகாமைச் சூறையாடத் தொடங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் சேர்ந்த பெரும் கூட்டம் அது. தில்லியோ எங்கோ இருக்கிறது. வழிநடத்த ஆளில்லை. பிரபுக்களும் மதப் பெரியோரும் அவசரமாகக் கூடி, இறந்தவரின் சிற்றப்பா மகன் பிரோஸை அரியணையில் உட்காரவைத்தார்கள். மக்காவுக்கு யாத்திரை போகத்தான் விருப்பம், அரசு வேண்டாம் என்று அவர் மறுத்துப் பார்த்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு 37 ஆண்டுகள் ஆண்டார்.

போர்க்களத்தில் பிரோஸ் ஷா துக்ளக் பெயர் எடுத்தவர் அல்லர். வங்காளத்தின் மீது இரண்டு முறை படையெடுத்தும் அதைப் பிடிக்க முடியவில்லை. தட்டாவை வெல்லப் போன படை, கட்ச் உப்புவெளியில் வழிதவறி மாதக்கணக்கில் அலைந்து, பட்டினியில் பாதி அழிந்தது. கையைவிட்டுப் போன தென்னாட்டை மீட்க அவர் முயலவே இல்லை. ஆனால் தில்லியின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. குத்புதீன், அலாவுதீன், கியாசுதீன், முகமது என்று இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் கட்டினார்கள். முன்னவர்கள் கட்டியது இடிந்து கிடக்கிறதே, அதையும் சரிசெய்ய வேண்டும் என்பதைத் தன் ஆட்சியின் கடமையாக எடுத்துக்கொண்டு, அதைப் பட்டியலிட்டு எழுதியும் வைத்தவர் பிரோஸ் ஷா.

முதலில் அவர் கட்டிய நகரத்துக்குப் போவோம். 1354-ல் யமுனைக் கரையில் எழுந்த பிரோஸாபாத்தில் இன்று எஞ்சியிருப்பது அதன் அரண்மனைக் கோட்டைதான். பிரோஸ் ஷா கோட்லா என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானம். அந்த மைதானத்துக்குப் பெயர் கொடுத்த கோட்டை அதன் பக்கத்திலேயே இருக்கிறது. தில்லி கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

உள்ளே கரடுமுரடான கற்களால் ஆன மூன்றடுக்குக் கட்டடம் ஒன்று மேலே போகப் போகக் குறுகி நிற்கிறது. பூச்சு முழுக்க உதிர்ந்துவிட்டது. அதன் உச்சியில் 13 மீட்டர் உயரத்தில் ஒரே கல்லால் ஆன தூண். எடை சுமார் 27 டன். சுற்றிலும் எல்லாம் சிதைந்திருக்க, தூண் மட்டும் வழவழப்பு மாறாமல் வெயிலில் மின்னுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் உளி பிடித்த கை தயங்கவே இல்லை என்பது தெரியும். எழுத்துகள் அவ்வளவு சீராக, ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஜஹாங்கீர் காலத்தில் வந்த ஆங்கிலேயப் பயணி தாமஸ் கோரியட் இந்தப் பளபளப்பைப் பார்த்து, இது பித்தளைத் தூண், அலெக்சாண்டர் போரஸை வென்றதற்காக நட்டது, எழுத்து கிரேக்கம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

அது மௌரியப் பேரரசர் அசோகரின் தூண். பிரோஸ் ஷா அதை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவந்தார் என்பதைச் சொல்ல நமக்கு ஒரு சாட்சி இருக்கிறார். ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர். தூண் வந்து இறங்கியபோது தனக்கு வயது பன்னிரண்டு என்று அவரே எழுதுகிறார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்த ஒரு காரியத்தை ஒரு சிறுவன் பார்த்து, முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியது அந்தப் பகுதி. அதனால்தான் அதில் சக்கரங்களின் எண்ணிக்கை வரை தங்கியிருக்கிறது.

தில்லியிலிருந்து தொண்ணூறு கோஸ் தொலைவில், மலையடிவாரத்தில் தோப்ரா என்ற ஊர். இன்றைய ஹரியானாவில் இருக்கிறது. வேட்டைக்குப் போன வழியில் அங்கே தூணைப் பார்த்து சுல்தான் அசந்துபோனார். இது பீமன் மாடு மேய்க்கும்போது ஊன்றிய கைத்தடி என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இதைத் தில்லிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சுல்தான் முடிவுசெய்தார். சுற்றுவட்டாரத்தில் இருந்த குதிரை வீரர்கள், காலாட்கள் எல்லோரும் கருவிகளோடு வரவேண்டும், கூடவே இலவம் பஞ்சும் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு போனது. பஞ்சு எதற்கு? தூணைச் சுற்றி அதை மலைபோலக் குவித்தார்கள். பிறகு அடிமண்ணைத் தோண்ட, தூண் மெதுவாகச் சாய்ந்து பஞ்சுமெத்தையில் படுத்தது. பின்னர் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, நாட்கணக்கில் வேலைசெய்து, தரையில் இறக்கினார்கள். கல்லுக்குக் காயம் படாதிருக்க நாணலும் பதப்படுத்தாத தோலும் சுற்றிக் கட்டினார்கள்.

அடுத்து வண்டி. 42 சக்கரங்கள் கொண்ட ஒரு வண்டியைச் செய்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம் கட்டி, வடத்துக்கு 200 பேர் வீதம் இழுத்ததாக அஃபீஃப் சொல்கிறார். கணக்குப் போட்டால் 8,400 பேர். நம்மூர்த் தேர் நிலைக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது சிரமமாக இருக்காது. யமுனைக் கரைவரை இப்படி இழுத்து வந்தார்கள். அங்கே பல படகுகள் காத்திருந்தன. அவற்றில் பெரியவை ஐயாயிரம், ஏழாயிரம் மணங்கு தானியம் ஏற்றக்கூடியவை. தூணைப் படகுகளில் ஏற்றி நீரோட்டத்தோடு பிரோஸாபாத் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு ஜும்மா மசூதிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு படியாகக் கட்டடத்தை உயர்த்தி, அந்தந்தப் படிக்குத் தூணையும் உருளைகளாலும் கயிறுகளாலும் தூக்கிவைத்து, கடைசியில் நிமிர்த்தினார்கள். உச்சியில் கறுப்பும் வெள்ளையுமான கல்வேலைப்பாடு. அதற்கு மேல் பொன்முலாம் பூசிய செம்புக் கலசம். பொன்தூண் என்று பெயரும் வைத்தார்கள்.

சுல்தானுக்கு அதில் எழுதியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை. பண்டிதர்களை அழைத்துக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. பிரோஸ் என்ற அரசர் வரும்வரை எவராலும் இதை அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொல்லிவைத்தார்கள். அந்தப் பண்டிதர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. 1837-ல் கல்கத்தா நாணயச்சாலையில் வேலைபார்த்த ஜேம்ஸ் பிரின்செப் அதை விடுவிக்கும்வரை பொன்தூண் பேசவில்லை.

பேசியபோது அது சொன்னதைக் கேளுங்கள். அசோகரின் தூண்சாசனங்கள் ஏழும் இந்த ஒரு தூணில் இருக்கின்றன. ஏழாவது வேறு எந்தத் தூணிலும் இல்லை. சாலையோரம் நிழலுக்கு ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், வழிப்போக்கர் தங்க இடங்கள் கட்டியதையும் பேரரசர் அதில் வரிசையாகச் சொல்கிறார். நீண்ட காலம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே கல்லில் பொறிக்கச் சொன்னதாகவும் முடிக்கிறார். கால்வாய் வெட்டுவதையும் தோட்டம் போடுவதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் பிரோஸ் ஷா. யமுனையிலிருந்து அவர் வெட்டிய கால்வாயின் தடம் இன்றைய மேற்கு யமுனைக் கால்வாயில் இருக்கிறது. தில்லியைச் சுற்றி 1,200 தோட்டங்கள் அமைத்ததாக அஃபீஃப் எழுதுகிறார். தன்னைப் போலவே கிணறும் மரமும் பேசிய ஒருவரின் வார்த்தைகளைத் தலைக்கு மேலே நிறுத்திவைத்துக்கொண்டு, அது இன்னதென்று தெரியாமலே அவர் கண்மூடினார். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்திய செய்தி இதுதான்.

கோட்லாவை விட்டுக் கிளம்புமுன் இன்னொன்று. வியாழக்கிழமைகளில் இங்கே கூட்டம் நிரம்பி வழிகிறது. இடிபாடுகளில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, தீராத நோய் என்று மனுக்களை எழுதி, நகலெடுத்து, மாடத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு, மெழுகுவத்தி ஏற்றிப் போகிறார்கள். ஒரே மனு பல மாடங்களில் இருக்கும். இந்துக்களும் வருகிறார்கள், முஸ்லிம்களும் வருகிறார்கள். புகை படிந்து அந்த நிலவறைச் சுவர்கள் கருத்துக்கிடக்கின்றன. சுவருக்கு அது கெடுதல்தான். ஆனாலும் தில்லியின் எத்தனையோ கோட்டைகள் பார்க்க ஆளில்லாமல் கிடக்கும்போது, இந்தக் கோட்டைக்கு மட்டும் வாரந்தோறும் மனக்குறையோடு மக்கள் வருகிறார்கள் என்பதை நான் சிறுமையாக நினைக்கவில்லை.

இனி பழுதுபார்த்த கதை. பிரோஸ் ஷா தன் ஆட்சியில் செய்தவற்றைச் சுருக்கமாக எழுதிய நூல் ஒன்று இருக்கிறது. ஃபுதூஹாத்-இ-பிரோஸ்ஷாஹி என்று பெயர். ஃபுதூஹாத் என்றால் வெற்றிகள். அதில் போர் வெற்றி அதிகம் இல்லை. முந்தைய அரசர்களும் பிரபுக்களும் கட்டியவை காலத்தால் சிதைந்துபோயிருந்தன, என் சொந்தக் கட்டடங்களுக்கு முன்னால் அவற்றைப் புதுப்பிப்பதற்கே முதலிடம் கொடுத்தேன் என்கிறார். பிறகு பட்டியல் ஓடுகிறது. பழைய தில்லியின் ஜும்மா மசூதி. கோரி முகமதுவின் பெயரால் நின்ற மினார். இல்துத்மிஷின் மதரஸா. அலாவுதீனின் கல்லறைக்குச் சந்தனமரக் கதவுகள். நிஜாமுதீன் அவுலியாவின் சமாதிக்கும் அவ்வாறே சந்தனக் கதவும் சாளரமும்.

அந்த மினார்தான் நாம் குதுப் மினார் என்று அழைப்பது. 1368-ல் இடி விழுந்து மேல்தளம் சேதமானது. பிரோஸ் ஷா அந்த நான்காவது அடுக்கை அகற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு அடுக்குகளாகக் கட்டினார். முன்பைவிட உயரமாக்கினேன் என்று எழுதியும் வைத்தார். இன்றைய உயரம் 72.5 மீட்டர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வேலை எங்கே கை மாறியது என்று எவருக்கும் புரியும். முதல் மூன்று அடுக்குகள் மணற்கல்லில், மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்களோடு இருக்கின்றன. அதற்கு மேல் வெள்ளைச் சலவைக்கல் கலந்து, வேறு பாணியில், மழமழவென்று எழுகிறது. பழையதைப் போலவே செய்து கண்ணை மறைக்க அவர் முயலவில்லை. இது என் கால வேலை என்று வெளிப்படையாகத் தெரியும்படி விட்டார், கல்வெட்டும் வைத்தார். பழுதுபார்ப்பதில் எனக்குப் பிடித்த நேர்மை இது. 1803 நிலநடுக்கத்தில் உச்சிக் குமிழ் விழுந்த பிறகு, ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828-ல் தன் இஷ்டத்துக்கு ஒரு மண்டபத்தைச் செய்து மேலே வைத்தார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1848-ல் ஹார்டிஞ்ச் பிரபு அதைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார். இப்போது அது புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது.

மினாரில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலோர் பார்ப்பது அரபு எழுத்துகளின் அழகை. அவற்றுக்கிடையே, கண்ணில் படாத மூலைகளில், சிறு சிறு நாகரி வரிகளும் இருக்கின்றன. விக்கிரம ஆண்டு 1426-ல், அதாவது கி.பி. 1369-ஐ ஒட்டி, பழுதுவேலை முடிந்ததைச் சொல்லும் ஒன்றில் விசுவகர்மாவின் அருளால் இது நிறைவேறியது என்று கைவினைஞர்கள் செதுக்கியிருக்கிறார்கள். நானா, சால்ஹா என்ற பெயர்களும் வருகின்றன. உயிரைப் பணயம் வைத்து அந்த உயரத்தில் சாரம் கட்டி ஏறியவர்கள் அவர்கள். சுல்தான் தன் நூலில் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. கல்லில் அவர்களே எழுதிக்கொண்டார்கள். குதுப் மினாருக்குப் போகிறவர்கள் வழிகாட்டியிடம் இந்த வரிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டியலில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது கோபுரமோ கல்லறையோ அல்ல, இரண்டு குளங்கள். இல்துத்மிஷ் வெட்டிய ஹௌஸ்-இ-ஷம்ஸி தண்ணீரில்லாமல் கிடந்தது. விசாரித்தால், வரத்துக் கால்வாய்களை நேர்மையற்ற சிலர் அடைத்துவைத்திருந்தார்கள். அவர்களைத் தண்டித்து, கால்வாய்களைத் திறந்துவிட்டேன் என்கிறார் சுல்தான். அலாவுதீன் வெட்டிய ஹௌஸ்-இ-அலாய் இன்னும் மோசம். ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி தூர்ந்துபோய், அதற்குள்ளேயே மக்கள் பயிர் செய்தார்கள். கிணறு தோண்டி அந்தத் தண்ணீரை விற்றும் வந்தார்கள். வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரியும், ஏரிக்குள் விளைநிலமும், விலைக்கு விற்கும் தண்ணீரும் நமக்குப் புதியவை அல்ல. அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் தூர்வாரி, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி செய்தார். அந்த ஏரிதான் இன்று ஹௌஸ் காஸ் என்று அந்த வட்டாரத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. அதன் இரு கரைகளை ஒட்டி அவர் ஒரு மதரஸா கட்டினார். மாணவர்கள் நீரைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கும் மாடங்களும் படிக்கட்டுகளும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. இரு வரிசைகளும் சந்திக்கும் மூலையில் தனக்குக் கல்லறையையும் கட்டிவைத்தார். அலங்காரம் குறைந்த, கனத்த சுவர்கள் கொண்ட சதுரக் கட்டடம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும். சந்தனக் கதவுகளைப் பட்டியலிட்ட அதே நூலில், புதிதாக எழுந்த கோயில்களை இடித்ததையும் அவர் பெருமையோடு எழுதியிருக்கிறார். அதுவரை, முஸ்லிம் அல்லாதவர்கள் செலுத்தும் ஜிஸியா வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்த பிராமணர்கள் மீது அதை விதித்தவரும் இவரே. அவர்கள் அரண்மனை வாசலில் பட்டினி கிடந்தும் சுல்தான் இறங்கிவரவில்லை. கடைசியில் ஊரிலிருந்த மற்ற இந்துக்களே அந்தத் தொகையை ஏற்றுக்கொள்ள முன்வந்தார்கள் என்று அஃபீஃப் எழுதுகிறார். சுல்தான் சேர்த்த அடிமைகளின் எண்ணிக்கையை அவர் 1,80,000 என்கிறார். அவர்களில் 12,000 பேர் கைவினைத் தொழில் கற்றவர்கள். இவ்வளவு கட்டடம் எழுந்ததும், இவ்வளவு பழுது நீங்கியதும் யாருடைய கைகளால் என்பதற்கு இந்த எண்ணே பதில். முன்னோர் கட்டியதைப் போற்றிய கரமும் பிறர் வழிபட்டதை இடித்த கரமும் ஒரே மனிதருடையவை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிட எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவர் காலத்துத் தில்லியில் தென்னாட்டுக் குரல்களும் கேட்டன. ஆட்சியை உண்மையில் நடத்திய வஜீர் கான்-இ-ஜஹான் மக்பூல், வாரங்கலின் காகதீய அரசில் அதிகாரியாக இருந்து, மதம் மாறி, தில்லிக்கு வந்த தெலுங்கர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் நாட்டையே தாங்கும் அறிவாளி என்று அஃபீஃப் சொல்கிறார். நிஜாமுதீனில் உள்ள அவருடைய கல்லறைதான் தில்லியின் முதல் எண்கோணக் கல்லறை. பின்னால் வந்த சையித், லோதி அரசர்கள் அந்த வடிவத்தைப் பின்பற்றினார்கள். மதுரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1335-ல் முகமது பின் துக்ளக்கிடமிருந்து பிரிந்து தனியாட்சி நிறுவிய மதுரை சுல்தான்களுக்கு விஜயநகரத்தின் நெருக்கடி. உதவி கேட்டு மாபார் எனப்பட்ட மதுரை நாட்டிலிருந்து வந்தவர்களிடம், முன்பு தில்லியின் ஆணையை மதிக்காதிருந்ததைச் சுட்டிக்காட்டி, படையும் களைத்திருக்கிறது என்று சொல்லித் திருப்பியனுப்பினார் பிரோஸ் ஷா. மதுரை விஜயநகர இளவரசர் குமார கம்பணன் கைக்குப் போனது.

எல்லோருடைய கட்டடத்தையும் காத்தவரின் நகரத்தைக் காக்க யாரும் வரவில்லை. ஷேர்ஷாவும் பிறகு ஷாஜகானும் தங்கள் நகரங்களைக் கட்டியபோது பிரோஸாபாத்தின் கற்கள் வண்டி வண்டியாகப் போயின. துர்க்மான் கேட் அருகே 1387-ல் வஜீரின் மகன் கட்டிய கலான் மசூதி மட்டும் ஷாஜகானின் மதிலுக்குள் அகப்பட்டுப் பிழைத்துக்கொண்டது. மீரட்டிலிருந்து கொண்டுவந்து வடக்குக் குன்றின் வேட்டை மாளிகையில் நிறுத்திய இன்னொரு அசோகர் தூண், முகலாய அரசர் ஃபரூக்சியார் காலத்தில் வெடிவிபத்தில் ஐந்து துண்டானது. துண்டுகளைச் சேர்த்து 1867-ல் மீண்டும் நிறுத்தினார்கள். இந்து ராவ் மருத்துவமனைக்கு எதிரே ஒட்டுப்போட்ட தழும்புகளோடு அதைப் பார்க்கலாம்.

1388-ல் பிரோஸ் ஷா இறந்தார். ஹௌஸ் காஸ் கரையில் அவரே கட்டிவைத்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பேரன்மார்களும் பிரபுக்களும் அரசைக் கூறுபோட்டார்கள். ஒரு கட்டத்தில் பழைய தில்லியில் ஒரு சுல்தான், பிரோஸாபாத்தில் இன்னொரு சுல்தான், நடுவே தினம் சண்டை என்றானது. 1398 டிசம்பரில் சமர்கண்டிலிருந்து ஒரு படை யமுனையைக் கடந்தது. போரில் வென்றதும் அதன் தலைவர் வந்து கூடாரம் அடித்தது, பிரோஸ் ஷா தூர்வாரிய அதே ஏரியின் கரையில். பிரோஸாபாத் மசூதியில் தொழுதுவிட்டு அவர் ஊர் திரும்பியபோது, தில்லியின் கல்தச்சர்களையும் சமர்கண்டில் மசூதி கட்டக் கூடவே ஓட்டிக்கொண்டு போனார். தைமூர் தில்லியில் இருந்த அந்தச் சில நாட்களில் நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)